மாமன் சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எலேனுக்கு ஒரே கவலைதான். தம்பி எப்போது வாயைத் திறப்பான்? திறந்தால் என்ன சொல்வான்?

தம்பி ழானோ வாயே திறக்கவில்லை. கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மத்தியான விருந்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். பாரீஸுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவன், ஊருக்கு வந்திருக்கிறான். கத்தி அவன் கையில் தானாக ஓடியது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். வெங்காயத்தாலா, வேறு எதனாலாவதா என்று எலேனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லாம் வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. கடைசித் தங்கை சேவெரின், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பாப்பா ஞானஸ்நானத்துக்கு ழான் அண்ணன்தான் ஞானத்தகப்பன்" என்று அறிவித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். ழான் மட்டும் கையிலிருந்த மீன் துண்டைத் தட்டு ஓரத்தில் வைத்தான்.

"என்னால நிக்க முடியாதும்மா. எனக்கு இப்ப விசுவாசம் கிடையாது. கோயிலுக்குப் போயே பல வருஷம் ஆச்சு."

தட்டிய கைகள் அப்படியே நின்றுபோயின.

எலேன் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பங்குக் கோயிலில் வருஷக்கணக்காகச் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் முதன்முதலில் படித்த பிள்ளையே ழான்தான். அம்மா இறந்துபோனபோது அவனுக்குச் சரியாகச் சிலுவை போடக்கூடத் தெரியாது. வலது கையா, இடது கையா என்று தடுமாறுவான். அந்தச் சின்னக் கையைப் பிடித்து நெற்றி, நெஞ்சு, தோள் என்று வழி காட்டியவள் அவள். அந்தக் கைதான் இப்போது, 'ஒன்றும் மிச்சமில்லை' என்று விரித்துக் காட்டுகிறது.

"காபி ஆறுது, வா."

"இந்த ஒரு கூடை முடிச்சிட்டு வரேன்க்கா."

"வெங்காயம் ஓடியா போயிடும்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவேயில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. விசுவாசத்தை இழந்தவன் முகத்தில் ஏதாவது தெரிய வேண்டாமா?

* * *

காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது எலேனின் கணவன் ஃபிரான்க் தானாகவே பேச்சை எடுத்தான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் வேலை அவனுக்கு. நாள் முழுக்கக் கரித்தூளிலும் லாரிச் சத்தத்திலும் நிற்பதாலோ என்னவோ, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவான். சில வருஷமாக அவன் கோயிலை விட்டுத் திருப்பட்டினம் சாலையில் இருக்கும் ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிறானால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே பக்கம்.

"மச்சான், நீ கவலையே படாத. ஒரு தடவை ரட்சிக்கப்பட்டவன் ரட்சிக்கப்பட்டவன்தான். அது எங்கயும் போகாது."

"நான் கவலைப்படவே இல்லையே அத்தான்" என்றான் ழான், இட்லியைப் பிட்டபடி.

"அதைத்தான் நான் கேக்கறேன். ஏன்டா படல?" எலேன் சட்னிக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். "என்னங்க, இவனுக்கு எடுத்துக் குடுக்காதீங்க. போகாதுன்னா, கோயில்ல பாவசங்கீர்த்தனக் கூண்டு எதுக்குக் கட்டி வச்சிருக்கு? பாவம் பண்ணினா போகும். அழுது கேட்டா திரும்பக் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"ஊதாரி மகன் கதை உன் பிள்ளைங்களுக்குச் சொல்லுவல்ல? பன்னி மேய்க்கப் போனானே, அப்ப அவன் அப்பனுக்கு மகன் இல்லாம போயிட்டானா?"

"மகன்தான். ஆனா பன்னிக் கொட்டாய்லயே கிடந்து செத்திருந்தா, விருந்து சாப்பிட்டிருப்பானா?"

ஃபிரான்க் இன்னொரு இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"நல்லா இருக்கு" என்றான் ழான். "நான் உசுரோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் என்னைப் பன்னிக் கொட்டாய்க்கு அனுப்பறதா வேணாமான்னு சண்டை போடறீங்க."

மூவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சேவெரின் குழந்தையோடு உள்ளே வந்தாள். வெள்ளை ஜரிகைச் சட்டை, தலையில் குட்டித் தொப்பி. குழந்தை தொப்பியின் நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க வெள்ளைச் சட்டை போடுங்க. இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். பாப்பாவோட ஃபோட்டோல பொருத்தமா இருக்கும்."

"சேவெரின், நான்தான் சொன்னேனே..."

"சொன்னீங்க. நான் கேக்கல." குரல் லேசாக உடைந்தது. "அவங்க வீட்டு ஆளுங்க சுரக்குடியிலேர்ந்து வேன் பிடிச்சு வராங்க. தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சேவெரின் கட்டிக்கொண்டது ஹரிஹரனை. திருநள்ளாறு பக்கம் சுரக்குடியில் நெல் சாகுபடி செய்யும் குடும்பம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் தடை சொல்ல மாட்டோம் என்று கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட நல்ல மனுஷர்கள்.

ழான் கை கழுவிவிட்டு வந்து குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டான்.

"நான் முன்னாடியே கோயிலுக்குப் போயி பங்குச் சாமியைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றான். "அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்."

"நானும் வரேன்" என்றாள் எலேன்.

* * *

தை மாத வெயில் இதமாக இருந்தது. தெருவில் மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்திருந்தார்கள். எலேன் பழக்கமாகக் குடையை எடுத்துக்கொள்ள, இருவரும் நடந்தே போனார்கள். எலேன் கேட்க வேண்டியதை மூன்று நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லு. என்ன பாவம் பண்ணின?"

"என்னது?"

"பெருசா ஏதாவது பண்ணியிருப்ப. இல்லாட்டி இப்படி ஆகாது. என்கிட்ட சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ழான் நின்று அவளைப் பார்த்தான். "அக்கா, உனக்கு ஏமாத்தமா இருக்கும். ஒண்ணுமே பண்ணல. முதல்ல ஞாயித்துக்கிழமை டியூட்டி போட்டாங்க. அப்புறம் லீவு கிடைச்ச அன்னைக்கு அசதியா இருந்துச்சு. அப்புறம் குளிரு. ஒரு நாள் சும்மா உள்ளுக்குள்ள தேடிப் பாத்தேன். இல்ல."

"சாவிக்கொத்தைத் தொலைச்ச மாதிரி சொல்றியே!"

"அப்படித்தான் இருந்துச்சு. எங்க வச்சேன்னே தெரியல."

எலேனுக்கு நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது. கொலை, கொள்ளை, குடி என்று எதையாவது சொல்லியிருந்தால் அவளுக்கு வழி தெரியும். இன்ன பாவத்துக்கு இன்ன பரிகாரம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். வெறும் குளிரிலும் அசதியிலும் தொலைந்துபோனதை எங்கே போய்த் தேடுவது?

தெருமுனை திரும்பினார்கள்.

"உனக்கு எப்பவாவது சந்தேகம் வந்திருக்காக்கா?"

"சந்தேகமா? எனக்கா?" என்று ஆரம்பித்தவள், ஒரு சைக்கிளுக்கு வழி விட்டு ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் அவள் குரல் இறங்கிப்போயிற்று. "சந்தேகம் வராது. பயம் வரும். தினம் காலைல எழுந்ததும் இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கறேன். கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பாக்கறோமே, அந்த மாதிரி."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, இத்தனை வருஷமும் பத்திரமாகக் காவல் காத்தாளே தவிர, ஒரு நாளாவது அதைப் போட்டு அழகு பார்த்ததில்லை என்று.

ழான் அவள் கையிலிருந்த குடையை வாங்கி இருவருக்கும் சேர்த்துப் பிடித்தான்.

* * *

பங்குத்தந்தை அடைக்கலசாமி பூசை உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ழான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்லாம நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"தெரியாதுங்க சாமி. ஆனா அந்தப் பிள்ளைக்காக நான் சொல்ற முதல் வார்த்தையே பொய்யா இருக்கக் கூடாது."

"அப்ப நான் உங்களை ஞானத்தகப்பனா நிறுத்த முடியாது. ஒரு ஞானத்தாய் இருந்தா போதும். எலேன், நீங்க நிக்கறீங்களா?"

எலேன் தலையாட்டினாள். பெருமைப்பட வேண்டிய இடம். அவளுக்குப் பெருமை வரவில்லை. 'பொய்யா இருக்கக் கூடாது' என்கிறான். விசுவாசம் இல்லாதவனுக்கு இந்தப் பயபக்தி எங்கிருந்து வந்தது?

வெளியே வந்தபோது சுரக்குடி வேன் வந்து நின்றிருந்தது. வாழைத்தார், புது நெல் அரிசி, தாம்பாளங்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தன. சேவெரின் ஓடி வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியது.

ஹரிஹரன் பின்னாலேயே வந்தான். "என்ன ஆச்சு மச்சான்?"

"சாமி கேக்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல மாப்பிள்ளை. அதனால எலேன் அக்கா நிக்கறாங்க."

"அவ்வளவுதானே?" ஹரிஹரன் முகத்தில் பெரிய நிம்மதி. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அடுத்த மாசம் எங்க வீட்டுல காது குத்து இருக்குல்ல? அங்க தாய்மாமனை யாரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. மடி இருந்தா போதும்."

அழுதுகொண்டிருந்த சேவெரின் பொங்கிச் சிரித்தாள். ழானும் சிரித்தான். ஆனால் எலேன் பார்த்தாள்: சிரித்து முடித்த பிறகு அவன் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

* * *

கோயில் நிறைந்திருந்தது. சுரக்குடி உறவினர்கள் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஃபிரான்க் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், தன் சபைக்காரர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்பதுபோல் பாதி மறைந்து நின்றான். கைக்குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை என்று வாதாடுகிறவன். ஆனாலும் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான்.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் எலேன் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். ழான் ஓரடி பின்னால், சேவெரினுக்குப் பக்கத்தில் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

சாமி மைக்கை எலேன் பக்கம் நீட்டினார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றாள். அடுத்து, எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டார்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் பாடம் பண்ணிக் கொடுத்த பதில். தூக்கத்தில் கேட்டாலும் வரும். இன்றைக்கு வரவில்லை.

இது தம்பியின் இடம் என்ற நினைப்பா? பரீட்சைக்குப் பதில் எழுதுவதுபோல் இத்தனை வருஷமும் சொல்லிவிட்டோமே என்ற திகைப்பா? தப்பிவிடக் கூடாதே, போய்விடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்த வார்த்தை, பொத்திய கைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முன்வரிசையில் எட்டிப் பார்த்தார்கள். குழந்தைகூட நாடாவைச் சப்புவதை நிறுத்திவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தது.

"விசுவசிக்கிறேன்!"

பளிச்சென்று, மைக்கில் விழுந்து கூரை வரை எழும்பியது ஒரு குரல். பூசைக்கு உதவி செய்யும் பையன்கள் சொல்வதுபோல், துளி தயக்கமில்லாமல்.

ழான்தான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ழானுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அக்காவுக்கு எடுத்துக் குடுத்தேன்" என்றான் மெதுவாக. அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது.

முதலில் சிரித்தது சுரக்குடிக்காரர்களா, சாமியா என்று தெரியவில்லை. கோயிலே சிரித்தது. சாமி இந்தக் காலத்து வழக்கப்படி 'நம்புகிறீர்களா' என்று கேட்டிருந்தார். பதிலோ அந்தக் காலத்து வார்த்தையில் வந்திருந்தது. வீட்டுக் கூடத்தில், பாயில் உட்கார வைத்து, எலேன் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. அவள் இழுத்துச் சொன்ன இடத்தில் இழுத்து, அழுத்திய இடத்தில் அழுத்தி, ஓர் எழுத்து குறையாமல்.

ஒட்டிக்கொண்டிருந்தது விடுபட்டது. எலேன் கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக, தம்பியின் குரலைவிட ஒரு படி உரக்கவே சொன்னாள்:

"விசுவசிக்கிறேன்!"

"இப்ப யாருக்கும் சந்தேகம் இருக்காது" என்றார் சாமி.

தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை அழும் என்று எதிர்பார்த்தார்கள். அது அழவில்லை. ஒரு கொட்டாவி விட்டது. ஆஞ்செலின் என்ற பெயர் அதற்குக் கிடைத்தபோது அது பாதித் தூக்கத்தில் இருந்தது. தான் யார் கையில் இருக்கிறோம் என்பதைப் பற்றி அதற்குத் துளிக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

* * *

கோயில் வாசலில் ஃபிரான்க் தூண் மறைவையெல்லாம் மறந்துவிட்டு ஓடி வந்தான்.

"பாத்தியா எலேன்? பாத்தியா? போகாதுன்னு நான் சொன்னேன்ல?"

"வாய்ப் பழக்கம் அத்தான்" என்றான் ழான். "வேற ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல அக்கா அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது."

"நான் எங்கடா அடிச்சேன்? சரி, வாயாவது பத்திரமா இருக்கே. அது போதும்" என்றாள் எலேன். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறியா?" ஃபிரான்க் கண்ணை உருட்டினான். "அப்ப ஆண்டவருக்கு என்ன வேலை?"

கிண்டலாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, வேன் பக்கம் போய் வாழைத்தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். எலேன்தான் அங்கேயே நின்றாள். பதிலடி கொடுக்கத் தேடினாள். கிடைக்காததற்கு, ஆச்சரியம், கோபமே வரவில்லை. விருந்து வேலையெல்லாம் முடிந்து இடுப்புச் செருகலை அவிழ்த்துவிட்டு உட்கார்வோமே, அப்படி ஒரு லேசு உடம்பெல்லாம் பரவியது.

பாவம் பண்ணினாலும் ரட்சிப்பு போகாது என்று அவள் ஒப்புக்கொண்டுவிடவில்லை. அதில் அவள் கெட்டி. புருஷனிடம் நாளைக்கே மறுபடி சண்டை போடுவாள். ஆனால் நாளைக்குக் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

* * *

மத்தியானம் வீடு கொள்ளவில்லை. கொல்லையில் பந்தல். ஒரு பக்கம் ழானின் ஆட்டுக்கறி பிரியாணி, இன்னொரு பக்கம் சுரக்குடிக்காரர்களுக்கென்று சாம்பாரும் அவர்கள் கொண்டுவந்த புது அரிசிச் சோறும். ஹரிஹரனின் அப்பா சுவாமிநாதன், "கோயில்ல தாய்மாமன் குரலைக் கேட்டதும் எனக்கே நானும் ஒண்ணு சொல்லலாமான்னு இருந்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிரான்க் இரண்டு பக்கமும் சாப்பிட்டான்.

எலேன் பாயசச் செம்போடு வரும்போது கூடத்து மேசையில் ழானின் கைபேசி அதிர்ந்தது. திரையில் பத்ரிசியா. ழானின் மனைவி. புதுச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரான்ஸில். எலேன் செம்பை வைத்துவிட்டு எடுத்தாள்.

"அண்ணி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ரொம்ப நல்லபடியா முடிஞ்சுது பத்ரிசியா. நீதான் இல்ல. இங்க ஒரு கூத்து நடந்துச்சு, கேளு..." எலேன் மைக் கதையை முழுக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் பத்ரிசியா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவர் அப்படிச் சொன்னாரா? நெசமாவா அண்ணி?"

"ஊரே கேட்டுச்சு."

"அப்ப உங்ககிட்ட கேட்டுட்டாரா?"

"என்ன கேக்கணும்?"

"ஐயோ, இன்னும் கேக்கலையா?" பத்ரிசியாவின் குரல் தணிந்தது. "திரும்பி வர டிக்கெட் போடாமத்தான் அண்ணி அவர் கிளம்பினார். ஏன்னு கேட்டேன். அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும், அவங்க சொல்ற பதிலைப் பொறுத்து டிக்கெட் போட்டுக்கறேன்னார். என்னன்னு எங்கிட்டயும் சொல்லல."

எலேன் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ழான் உட்கார்ந்திருந்தான். ஆஞ்செலின் அவன் மடியில் மல்லாந்து கிடந்தது. குழந்தையின் கையைப் பிடித்து, அவன் என்னமோ செய்துகொண்டிருந்தான். விளையாட்டுக் காட்டுகிறானா, ஈ ஓட்டுகிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. அந்தச் சின்னக் கை நெற்றிக்குப் போயிற்று. நெஞ்சுக்கு வந்தது.

எலேன் படியிறங்கி அவன் எதிரில் போய் நின்றாள்.

"ழான், என்கிட்ட என்னடா கேக்கணும்?"

அவன் நிமிர்ந்தான். காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. அவளிடம் கையை நீட்டிச் சிலுவை போடப் பழகிய நாளில் இருந்த முகம் அது. பதில் சொல்ல வாயெடுத்தவன் மடியைக் குனிந்து பார்த்தான்.

"இங்க தங்கினா, மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் குடுப்பியான்னு கேக்கணும். பக்கத்துல உக்காருக்கா" என்றான் மெல்ல. "பாப்பா தூங்கட்டும்."